ஜாதகக் கட்டமும் கணினிக் கட்டமும்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

இணையத்தில் வரன் தேடும் தளம் அமைப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். அமெரிக்காவில் 1995-லேயே மேட்ச் டாட் காம் வந்துவிட்டது. ஆனால் நம் கதையை இராயபுரத்திலேயே ஆரம்பிக்கலாம். பாரத் மேட்ரிமோனியை உருவாக்கிய முருகவேல் ஜானகிராமன் இராயபுரத்தில் வளர்ந்தவர், துறைமுகத் தொழிலாளியின் மகன். மாநிலக் கல்லூரியில் புள்ளியியலும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.சி.ஏ.வும் படித்தார். 1997-இல் அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டே தமிழர்களுக்காக ஓர் இணையதளம் தொடங்கினார். அதில் ஓர் ஓரத்தில் இருந்த வரன் பகுதிக்குத்தான் கூட்டம் வந்தது. 2000-இல் பாரத் மேட்ரிமோனி பிறந்தது. தம் துணைவியாரையும் அவர் தமது தளத்தின் வழியாகவே கண்டார். 2017-இல் அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. நம்ம ஏரியா பிள்ளை என்று நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்!

ஆனால் தம்பிகளே, இப்படி ஒரு தளத்துக்கு நிரல் எழுதுவது பெரிய வித்தை இல்லை. பெயர், வயது, படிப்பு, சம்பளம் என்று ஓர் அட்டவணை. அதில் தேட ஒரு வழி. உங்களில் பலர் ஒரு செமஸ்டரில் முடித்துவிடுவீர்கள். எந்தக் கட்டத்தை வைப்பது, எதன் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டுக் கட்டாயமாக்குவது, அங்கேதான் யோசனை வேண்டும்.

பத்திரிகையில் வரிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து விளம்பரம் செய்த காலத்தில் சாதி, நட்சத்திரம், சம்பளத்தோடு நிறுத்திக்கொண்டோம். இணையத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் அதே மூன்றுதான் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டன.

கல்யாணத் தரகருக்கு வாய் இருந்தது. "இன்னாம்மா, ரெண்டு வயசுதானே கூட? பையன் தங்கமானவன், ஒரு தபா பாத்துட்டு சொல்லு" என்பார். கணினி அப்படிச் சொல்லாது. முப்பது வயது வரை என்று குறித்துவிட்டால் முப்பத்தொன்று கண்ணிலேயே படாது. கணவனை இழந்த பெண், விவாகரத்து ஆனவர், வேறு சாதிக்காரர் எல்லாரும் அப்படியே மறைந்துபோவார்கள். யாரும் அவர்களை வேண்டாம் என்று சொல்லவில்லை, பார்க்கவே இல்லை! சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-இல் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. ஆகவே விருப்பத்துக்குப் பொருந்தாதவரைத் தூக்கி எறியாதீர்கள், பட்டியலில் கீழே வையுங்கள். வேண்டவே வேண்டாம் என்றால் அதைப் பயனாளியே தனியாகச் சொல்லட்டும்.

இன்னொன்று. மேல்நாட்டுத் தளத்தில் தன்னைப் பற்றித் தானே எழுதுவார்கள். நம் தளங்களில் முதல் கேள்வியே, "யாருக்காகப் பதிவு செய்கிறீர்கள்? மகனுக்கா, மகளுக்கா, தங்கைக்கா?" என்பதுதான். அதில் குற்றமில்லை, கல்யாணம் நமக்குக் குடும்பக் காரியம். ஆனால் அண்ணன் எழுதினால் "அடக்கமான பெண், சமையல் தெரியும்" என்றுதான் எழுதுவான். அவளுக்குக் கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போக ஆசையா, கப்பலில் போகிற மாப்பிள்ளை சம்மதமா, அதெல்லாம் எங்கே? அவள் மட்டுமே தன் கடவுச்சொல்லால் திறந்து நிரப்புகிற ஒரு கட்டம் வையுங்கள். படத்தையும் தொலைபேசி எண்ணையும் யாருக்குக் காட்டுவது என்கிற சாவியும் அவளிடமே இருக்கட்டும். "சொல்ல விரும்பவில்லை" என்ற பதில் எல்லாக் கேள்விக்கும் இருக்கட்டும்.

2016-இல் மத்திய அரசு இத்தகைய தளங்களுக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. பதிவு செய்பவர் யார் என்று சரிபார்க்க வேண்டும், புகார் கேட்க ஓர் அலுவலர் வேண்டும் என்றது. பொய்யான ஆளைத் தடுக்க அது உதவும். உண்மையான பெண்ணின் மனதைக் கேட்பதற்கு அரசு ஆணை எதற்கு? நிரல் எழுதுகிறவர் நினைத்தால் போதும்.

ஜாதகத்தில் பன்னிரண்டு கட்டம். அதை நாம் மாற்ற முடியாது என்கிறார்கள். கணினியில் எத்தனை கட்டம் என்பதை, தம்பி தங்கைகளே, நீங்கள்தான் போடப்போகிறீர்கள். பார்த்துப் போடுங்கள்.