பிறப்பை ஆராயும் முன் தோட்டத்தைக் காப்போம்

சிலமலையிலும் போடிநாயக்கனூரிலும் குடியிருந்துகொண்டு, போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. வீடு தேனி மாவட்டத்தில், தோட்டம் இடுக்கி மாவட்டத்தில். தோட்டத்துக்காரர் உயில் எழுதாமல் கண்ணை மூடிவிட்டால் பங்கு பிரிப்பதே பெரும்பாடு. அந்த நேரத்தில் ‘நானும் அவருக்குப் பிறந்தவன்’ என்று ஒருவர் வந்து நின்றாலோ, வீட்டில் வளர்ந்த பிள்ளையையே ‘இவன் அவர் பிள்ளை இல்லை’ என்று பங்காளிகள் சொன்னாலோ, வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். ஒருவரின் பிறப்பை ஆராய்வதில் நிதானமும், சொத்தைக் காப்பதில் விரைவும் வேண்டும். நாமோ பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

தமிழ்நாடே பார்த்த வழக்கு ஒன்று இதற்குச் சாட்சி. முதலமைச்சர் ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று காலமானார். பெங்களூருவைச் சேர்ந்த ஒரு பெண், தாம் அவருடைய மகள் என்றும் மரபணுச் சோதனை நடத்த வேண்டும் என்றும் நீதிமன்றத்தை அணுகினார். சென்னை உயர் நீதிமன்றம் 2018 அக்டோபரில் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. சொத்துகளைக் கவனிக்க நிர்வாகி ஒருவரை நியமிக்கக் கோரி வேறொரு மனுவும் வந்தது. அதை ஏற்க மறுத்த உயர் நீதிமன்றம், அண்ணன் பிள்ளைகளான தீபாவும் தீபக்கும் சட்டப்படி வாரிசுகள் என்று 2020 மே 27 அன்று தீர்ப்பளித்தது. போயஸ் தோட்டத்தில் ஜெயலலிதா வாழ்ந்த வேதா நிலையத்தின் சாவி அவர்கள் கைக்கு வந்தது 2021 டிசம்பரில். வீடு கைக்கு வர ஐந்து ஆண்டுகள். பூட்டிய வீடு ஐந்து ஆண்டுகள் காத்திருக்கும். ஏலத்தோட்டம் ஐந்து மாதம்கூடக் காத்திருக்காது.

முதலில் பிறப்பு பற்றிய கேள்வியை எடுத்துக்கொள்வோம். ‘மரபணுச் சோதனை செய்தால் சில நாளில் உண்மை தெரிந்துவிடுமே, நீதிமன்றம் ஏன் தயங்குகிறது?’ என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், செல்லத்தக்க திருமணம் நிலைத்திருக்கும் காலத்தில் பிறந்த பிள்ளையும், திருமணம் முறிந்து தாய் மறுமணம் செய்யாத நிலையில் 280 நாட்களுக்குள் பிறந்த பிள்ளையும் அந்தக் கணவரின் பிள்ளையே என்பது நம் சட்டத்தின் அடிப்படை. பழைய சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு சொன்னதை, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 116-ஆம் பிரிவும் சொல்கிறது. இரத்தப் பரிசோதனைக்கு எடுத்த எடுப்பில் உத்தரவிடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993-இலேயே கௌதம் குண்டு வழக்கில் விளக்கியது. 2021-இல் ஒரு சொத்து வழக்கிலும், விருப்பமில்லாதவரை அந்தச் சோதனைக்கு உட்படுத்த மறுத்தது. காரணம் எளிது. சோதனை முடிவு பங்கை மட்டும் தீர்ப்பதில்லை. இறந்துபோன தாயின் மானத்தையும் பிள்ளையின் அடையாளத்தையும் ஊர் நடுவே போட்டு உடைக்கிறது. இரண்டு ஏக்கர் கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்காகப் பங்காளி கேட்கக்கூடிய விலை அல்ல இது. அதே வேளையில், சோதனை ஒருபோதும் கூடாது என்பதும் சரியல்ல. ரோஹித் சேகர் தம் தந்தை யார் என்று நிலைநாட்டத் தாமே வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில், அவர் தம் தந்தை எனக் குறிப்பிட்ட அரசியல்வாதி என்.டி. திவாரியின் இரத்த மாதிரி 2012-இல் எடுக்கப்பட்டது. அவரே தந்தை என்பது உறுதியானது. பிள்ளை தன் உரிமைக்காகக் கேட்பது வேறு, பிள்ளையை விரட்ட மற்றவர் கேட்பது வேறு.

‘முறையான திருமணம் இல்லையே, பிறகு ஏது பங்கு?’ என்பது அடுத்த மறுப்பு. இந்துத் திருமணச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைகளுக்கும் சட்டத் தகுதி தருகிறது. கூட்டுக் குடும்பச் சொத்தில் பெற்றவருக்குச் சேரவேண்டிய பாகத்திலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2023 செப்டம்பர் 1 அன்று ரேவணசித்தப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் பெற்றோரின் பங்கைத் தாண்டி, மற்ற உறவினர் சொத்தில் அவர்கள் கை வைக்க முடியாது. பெற்றவர்கள் செய்த பிழைக்குப் பிள்ளை தண்டனை அனுபவிக்கக்கூடாது. பங்காளிகளின் பாகமும் குறையக்கூடாது. இரு பக்கத்துக்கும் நியாயமான எல்லை இது.

இப்படி ஒவ்வொன்றையும் சீர்தூக்கிப் பார்க்க நீதிமன்றத்துக்குக் காலம் வேண்டும். அந்தக் காலத்தில் தோட்டம் என்ன ஆகும்? காய் எடுப்பு தொடங்கிவிட்டால் சுமார் 40 நாளுக்கு ஒரு சுற்று எடுத்தாக வேண்டும். தவறினால் காய் செடியிலேயே வெடித்துப்போகும். எடுத்த பச்சைக்காயை உடனே ‘ஸ்டோர்’ எனும் உலர்த்தும் கூடத்தில் காயவைக்க வேண்டும். கோடையில் தண்ணீர் விடாவிட்டால் அடுத்த மகசூல் போச்சு. ‘யாரும் உள்ளே நுழையக்கூடாது’ என்று தடை உத்தரவு வாங்கிவிட்டு வெற்றி பெற்றதாக நினைப்பவர், தம் பங்கையும் சேர்த்தே அழிக்கிறார். தினக்கூலியை நம்பி ஜீப்பில் மலையேறும் தொழிலாளர்களின் பிழைப்பும் அதோடு போகிறது. ஆகவே வழக்குப் போடும்போதே, இரு தரப்புக்கும் வேண்டாதவராகவோ வேண்டியவராகவோ இல்லாத ஒருவரை, தீர்ப்பு வரும்வரை தோட்டத்தை நிர்வகிக்கும் ரிசீவராக நியமிக்கும்படி மனுவும் போட வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 40-ஆம் கட்டளை அதற்கு வழி தருகிறது. தோட்டம் வேறு மாநிலத்தில் இருப்பதும் தடையல்ல. சொத்துகள் பல நீதிமன்றங்களின் எல்லையில் இருந்தால் ஏதேனும் ஒன்றில் வழக்குத் தொடுக்கலாம் என்று அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது.

‘ரிசீவரே தோட்டத்தை மேய்ந்துவிட்டால்?’ என்ற அச்சம் வெறும் கற்பனையல்ல. அதனால்தான் சட்டம் அவரை ஜாமீன் கொடுக்கச் சொல்கிறது, கணக்குக் காட்டச் சொல்கிறது, வேண்டுமென்றே செய்த தவறாலோ பெரும் அலட்சியத்தாலோ வந்த நட்டத்துக்கு அவரையே பொறுப்பாக்குகிறது. நீதிமன்றத்திடமிருந்து நிர்வாக உரிமை ஆவணம் பெற்று வருபவருக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் இன்னும் திட்டமாக ஆணையிடுகிறது. 6 மாதத்துக்குள் சொத்து, கடன் பட்டியல். ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கு. ஏலக்காயில் இந்தக் கணக்கைச் சரிபார்ப்பதும் எளிது. போடியிலும் புத்தடியிலும் நடக்கும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் விற்றால், எடையும் விலையும் பதிவாகிவிடும். காய் எடுத்த கூலிக் கணக்கையும் ஸ்டோர் கணக்கையும் அதோடு வைத்துப் பார்த்தால் குறை தெரிந்துவிடும். கணக்குக் கேட்கத் தயங்கும் வாரிசுகளால்தான் நிர்வாகி கெட்டுப்போகிறார்.

நேயர்களே, தோட்டம் வைத்திருப்பவர்கள் உடலும் மனமும் தெளிவாக இருக்கும்போதே உயில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, பதிவும் செய்துவிடுங்கள். எல்லாப் பிள்ளைகளின் பெயரும் அதில் இருக்கட்டும். வழக்கு வந்தே தீரும் என்றால், அடுத்தவர் பிறப்பைப் பற்றிச் சாவடியில் பேசாதீர்கள். அதை நீதிமன்றத்திடம் விடுங்கள். உங்கள் வழக்கறிஞரிடம் முதலில் கேட்க வேண்டியது, தீர்ப்பு வரும்வரை தோட்டத்தை யார் பார்ப்பார், யாருக்குக் கணக்குக் கொடுப்பார் என்பதையே.