கண் முகாம் வருது. நாம என்ன செய்யணும்?

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



ஆடலூர், பன்றிமலை, கே.சி.பட்டி, தாண்டிக்குடிப் பக்கத்து விவசாயிகள் காப்பி இலையில் துரு நோயைக் கண்டால் அன்னிக்கே மருந்துக்கு அலைவாங்க. ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற அப்பத்தாவுக்குக் கண்ணில் புரை விழுந்து மூணு வருஷம் ஆனாலும், "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். அதைப் பற்றித்தான் இன்னிக்குப் பேசப்போறேன்.

டவுனில் ரோட்டரி சங்கம், லயன்ஸ் சங்கம் என்று போர்டு பார்த்திருப்பீங்க. அடிக்கடி கூடுறாங்களே, சாப்பிட்டுப் பேசிக் கலையறதுக்கா என்று கேலி பேசுறவங்களும் உண்டு. 1905-ல் சிகாகோ நகரத்தில் நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்ததுதான் ரோட்டரி. ஒவ்வொருத்தர் அலுவலகத்திலும் முறைவைத்துச் சுற்றிச் சுற்றிக் கூடினதால் அந்தப் பேர் வந்தது. லயன்ஸ் சங்கம் பிறந்தது 1917-ல். பார்வையும் கேள்வியும் இழந்த ஹெலன் கெல்லர் அம்மையார் 1925-ல் அவர்கள் மாநாட்டுக்கு வந்து, கண் தெரியாதவர்களுக்குத் துணை நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அதிலிருந்து கண் சேவை அவர்களுக்கு முக்கிய வேலையாகிவிட்டது. அடுத்த முகாம் எந்த ஊரில், பள்ளிக்கூடத்தில் இடம் கேட்பது யார், நோட்டீஸ் அடிப்பது யார், சாப்பாடு யார் பொறுப்பு என்பதெல்லாம் இந்த மாதிரிக் கூட்டங்களில்தான் முடிவாகும்.

சங்கம் மட்டும் போதாது, வைத்தியர் வேணுமே? அங்கேதான் மதுரைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 1976-ல் பதினோரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிப்போன மனிதர் அவர். அந்த விரலால்தான் ஆயிரக்கணக்கான கண்களுக்கு ஒளி கொடுத்தார். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தபோது விலை எட்டாத உயரத்தில் இருந்தது. 1992-ல் மதுரையிலேயே ஆரோலாப் தொடங்கிச் செய்ய ஆரம்பித்ததும் விலை மளமளவென்று இறங்கியது. அந்தக் காலத்துச் சோடாபுட்டிக் கண்ணாடி இப்போ தேவையில்லை.

முகாமில் வேலைப் பங்கீடு இப்படி. இடம், விளம்பரம், ஆள் திரட்டுவது சங்கத்தார் பொறுப்பு. பரிசோதனை, ஆபரேஷன், லென்ஸ் மருத்துவமனை பொறுப்பு. புரை என்று தெரிந்தவர்களைப் பஸ்ஸில் கூட்டிப்போய், சாப்பாடு போட்டு, ஆபரேஷன் முடித்துக் கொண்டுவந்து விடுவாங்க.

இவ்வளவும் இலவசம். அப்படியும் ஆள் வருதா? மதுரை வட்டாரக் கிராமங்களில் செய்து 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், கண்ணில் கோளாறு உள்ளவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவுதான்! பயம், கூட்டிப்போக ஆள் இல்லாதது, கூலி போய்விடுமே என்ற கவலை, இவைதான் தடை.

என் வீட்டுக் கதையே சொல்றேன். எங்க பெரியப்பாவுக்கு ரெண்டு கண்ணிலும் புரை. முகாம் நடந்த அன்னிக்குத் தோட்டத்தில் காப்பிப் பழம் பறிப்பு. "அடுத்த தடவை பாத்துக்கலாம்டா, பழம் உதிர்ந்துடும்" என்றார். கூட்டிப்போக வேண்டியவன் நான்தான். நானும் சரியென்று கூடையைத் தூக்கிக்கிட்டுப் போனேன். ரெண்டே மாசத்தில், தோட்டத்துச் சரிவில் படி தெரியாமல் கால் வைத்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. புரை ஆபரேஷன் கால் மணி நேர வேலை. இடுப்புக்கு ஆறு மாசம் படுக்கை. அன்னிக்குப் பறித்த பழம் எத்தனை கிலோ என்று இப்போ யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஆகையால் நாம் செய்ய வேண்டியது என்ன?

ஒன்று: சங்கத்தார் தேதி கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். நம்ம மலையில் கார்த்திகை, மார்கழி, தை காப்பிப் பறிப்பு. அதுக்கப்புறம் மிளகு. அது முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கேளுங்கள்.

இரண்டு: முகாமுக்குப் பத்து நாள் முன்னால் இளவட்டங்கள் வீடு வீடாகப் போய்ப் பேர் எழுதட்டும். அரிசியில் கல் பொறுக்க முடியாத ஆத்தா, பஸ் போர்டு படிக்க முடியாத தாத்தா, எல்லார் பேரும் வரட்டும்.

மூன்று: குடிசைகள் சிதறிக் கிடக்கிற ஊர் நம்மது. ஜீப் வைத்திருப்பவர்கள் ஒரு நடை இலவசமாக அடித்தால் அதுவே பெரிய தர்மம்.

நான்கு: "புரை முற்றட்டும்" என்று காத்திருக்க வேண்டாம். அது பழைய காலத்துப் பேச்சு. வேலைக்கு இடைஞ்சல் என்றால் அதுவே தருணம். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இருந்தால் மாத்திரைச் சீட்டை மறக்காமல் கொண்டுபோங்க.

ஆபரேஷன் ஆனபின் டாக்டர் சொன்ன நாள் வரை சொட்டு மருந்தை விடாமல் போடணும். கண்ணில் தண்ணி படக்கூடாது. விறகடுப்புப் புகையில் உட்காரக்கூடாது. வாழைத்தார், காப்பி மூட்டை தூக்கக்கூடாது. கண் சிவந்து வலித்தாலோ, பார்வை மங்கினாலோ அடுத்த முகாமுக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

முகாமுக்குக் காத்திருக்கக் கூடாத காரியம் இன்னும் ரெண்டு உண்டு. போர்டோ கலவைக்குச் சுண்ணாம்பு கரைக்கும்போது கண்ணில் தெறித்தால், கண்ணைத் திறந்து வைத்துச் சுத்தமான தண்ணீர் ஊற்றி இருபது நிமிஷமாவது கழுவிவிட்டு, நேரே ஆஸ்பத்திரிக்குப் போகணும். செடிக்கிளையோ இலையோ கண்ணில் கீறினால் தாய்ப்பால், விளக்கெண்ணெய், தழைச்சாறு எதையும் விடாதீங்க. அந்தக் கீறலில் பூஞ்சாணம் பிடித்துக் கருவிழியே வெந்துபோகும்.

சங்கத்தார் மலையேறி வர்றது அவங்க தர்மம். வாசல் திண்ணையிலிருந்து பெரியவங்களைக் கைப்பிடித்துக் கூட்டிவர்றது நம்ம கடமை. அந்தப் பத்தடியை அவங்க நடக்க முடியாது, நாமதான் நடக்கணும்.