தெளிவோடு இருக்கையில் கொடுத்த சொல்



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் தருமபுரி மேடைகளில் பேசப்படாதது. வயது வந்த இருவர் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, ஒருவர் ஆள, மற்றவர் அடங்க என்று உறவில் ஈடுபடுகிறார்கள். கட்டிப்போடுவது, கட்டளையிடுவது, அளவோடு வலி கொடுப்பது எல்லாம் அதில் உண்டு. பி.டி.எஸ்.எம். என்பது அதன் பெயர். நம் பிள்ளைகள் செல்பேசி வழியே இதைப் பார்த்துவிடுகிறார்கள். இதில் உயிருக்கும் உடம்புக்கும் என்ன ஆபத்து என்று மட்டும் அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. மனநல மருத்துவனாக அது என் கடமை என்று நினைக்கிறேன்.

இப்படி ஈடுபடும் நேரத்தில் மனம் என்ன ஆகிறது? மனம் தன் நிலை மாறுவது இந்த மாவட்டத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது துகிலுரிதல் கூத்தைப் பார்த்திருப்பீர்கள். துச்சாதனன் சேலையில் கை வைக்கும் முன் ஆட்டம் நிற்கும். வேடக்காரர்கள் கற்பூரம் கொளுத்தி அம்மனைக் கும்பிட்டுக்கொள்வார்கள். பிறகு மத்தளமும் முகவீணையும் உச்சத்துக்கு ஏறும்போது வேடம் கட்டியவருக்கே ஆவேசம் வருவதுண்டு; எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கும் அருள் வரும். உடனே பக்கத்தில் இருப்பவர்கள் தாங்கிப் பிடிப்பார்கள், திருநீறு பூசுவார்கள், சாமி மலையேறியதும் தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பார்கள். தஞ்சைப் பக்கம் மெலட்டூர் பாகவத மேளாவில் நரசிம்மர் முகமூடி தரிப்பவர் விரதமிருந்து மேடையேறுவார். ஆவேசத்தில் இரணியன் மேல் பாய்ந்துவிடாதபடி அவரைப் பிடித்துக்கொள்ள ஆட்கள் தயாராக நிற்பார்கள். ஆவேசம் வரும் என்று ஊருக்குத் தெரியும். அது வருவதற்கு முன்பே ஆள் நிறுத்தியிருக்கிறார்கள்.

பக்தியையும் படுக்கையறையையும் ஒன்றாக்குகிறேன் என்று யாரும் வருந்த வேண்டாம். இரண்டின் நோக்கமும் வேறு. ஆனால் தாளம், வலி, எதிர்பார்ப்பு, தன்னை ஒப்புக்கொடுத்தல் இவற்றுக்கு மூளை கொடுக்கும் பதிலில் ஒற்றுமை உண்டு.

அமெரிக்காவில் வடக்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிராட் சாகரின் குழுவினர் இதை அளந்து பார்த்தார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வில் பழக்கமுள்ள 14 பேர் கலந்துகொண்டார்கள். ஆள்வது யார், அடங்குவது யார் என்பதைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். சிவப்பு என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதிக் காட்டி, மையின் நிறம் என்ன என்று கேட்கும் சோதனை ஒன்று உண்டு. அடங்கும் இடத்தில் இருந்தவர்கள் அதில் தடுமாறினார்கள். திட்டமிடுவதும் தன்னைக் கட்டுப்படுத்துவதும் முன்மூளையின் வேலை. அது சற்று நேரம் தணிந்துபோவதே காரணம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். சிறிய ஆய்வுதான். என்றாலும் அதே குழு, தோலில் கொக்கி மாட்டி மேளத்துக்கு ஆடும் ஒரு சடங்கில் எடுத்த அளவீடு இன்னும் முக்கியமானது. உடம்பில் கார்டிசால் ஏறியிருந்தது. ஆடியவர்களோ மன அழுத்தம் குறைந்துவிட்டது என்றார்கள். உடம்பு ஒன்று சொல்ல, வாய் வேறொன்று சொல்கிறது.

இப்படி முன்மூளை தணிந்த மயக்கத்தில் இருப்பவரிடம் "இன்னும் கொஞ்சம் போகலாமா?" என்று கேட்டால் "ஆமாம்" என்றுதான் பதில் வரும். அந்த "ஆமாம்" செல்லாது என்பேன். எது கூடும், எது கூடாது என்பதெல்லாம் தெளிவோடு இருக்கும்போதே பேசி முடித்திருக்க வேண்டும். நடுவில் எல்லையைக் குறைக்கலாம், நிறுத்தலாம், கூட்டவே கூடாது. நிறுத்துவதற்கென ஒரு சொல்லைக் குறித்து வைப்பது இவர்களிடையே வழக்கம். நல்ல வழக்கம்தான், ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. பேச்சே வராத நிலைக்குப் போனவர் அந்தச் சொல்லை எப்படிச் சொல்வார்? அதனால் கையில் சாவிக்கொத்து போல ஒன்றைக் கொடுத்து வைக்கிறார்கள். அது கீழே விழுந்தால் எல்லாம் நின்றுவிட வேண்டும்.

ஆள்பவரின் மனமும் அப்போது சாதாரண நிலையில் இருப்பதில்லை. வேலையில் மூழ்கியவருக்கு நேரம் தெரியாமல் போவது போன்ற நிலை அது. ஆகவே குடித்துவிட்டு இதில் இறங்குவது பெரும் தவறு. கோபத்தோடு இறங்குவது அதைவிடத் தவறு.

உடம்பைப் பற்றி இரண்டு விஷயங்களை மருத்துவ, செவிலிய மாணவர்கள் மறக்கக் கூடாது. மேற்கை எலும்பை ஒட்டி ரேடியல் நரம்பு ஓடுகிறது. கயிறு அதை அழுத்தினால் மணிக்கட்டு தொங்கிப்போகும். சரியாக வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். மயக்கத்தில் இருப்பவருக்கு மரத்துப்போவதே தெரியாது. அதனால் கட்டியவர்தான் அவ்வப்போது மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். தூக்க முடியவில்லை என்றால் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்கக் கூடாது. நாம் கட்டுத்துணி வெட்டுகிற, முனை மழுங்கிய கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கட்டிப்போட்டவரை ஒரு நிமிடம்கூடத் தனியே விட்டுப் போகக் கூடாது. அடுத்தது கழுத்து. கையாலோ துணியாலோ கழுத்தை அழுத்தினால் பத்து நொடிக்குள்ளேயே நினைவு தப்பலாம். பாதுகாப்பான கழுத்து நெரிப்பு என்று எதுவும் இல்லை. எவர் சம்மதித்தாலும் கூடாது.

முடிந்த பிறகு போர்வை, வெதுவெதுப்பான பானம், பக்கத்தில் ஒரு துணை தேவை. சிலருக்கு அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ காரணமில்லாமல் அழுகை வரும். மறுநாள் ஒரு போன் செய்து விசாரிப்பதும் ஏற்பாட்டில் சேர்ந்ததுதான்.

சட்டம் சொல்வதையும் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். பாரதிய நியாய சன்ஹிதாவின் 25ஆம் பிரிவில் 18 வயது கடந்தவரின் சம்மதத்துக்கு இடம் உண்டு; ஆனால் உயிரிழப்புக்கோ கொடுங்காயத்துக்கோ அது பொருந்தாது. பயத்தால் வந்த சம்மதமும், போதையில் விளைவு புரியாமல் தந்த சம்மதமும் சம்மதமே அல்ல என்கிறது 28ஆம் பிரிவு. குழந்தைத் திருமணங்கள் இன்னும் நடக்கிற மாவட்டம் இது. கணவன் அடிப்பதற்கு நாகரிகப் பெயர் வைத்து யாரும் தப்பிக்க நான் வழி சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த நாளும் அதே வீட்டில் அச்சமில்லாமல் இருக்க முடியாத பெண்ணின் "சரி"க்கு மதிப்பில்லை. அவளுக்கு வேண்டியது 181 உதவி எண்.

மறுபுறம், சம்மதத்தோடு ஈடுபடுபவரை மனநோயாளி என்று சொல்லவும் நமக்கு உரிமையில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலின் 11ஆம் பதிப்பு, கொடுமை இன்பத்தில் பிறர் சம்மதமில்லாததையே தனி நோயாகப் பெயரிட்டு வைத்திருக்கிறது. சமூகத்தின் ஒழுக்க மதிப்புகளோடு ஒத்துப்போகவில்லை என்பதைக் கொண்டு மனநோயைத் தீர்மானிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது.

நாளை இரவுப் பணியில், மணிக்கட்டு தொங்கிய ஒருவர் உங்கள் முன் வந்து "வண்டியிலிருந்து விழுந்துவிட்டேன்" என்று சொல்லலாம். மேற்கையில் கயிற்றுத் தடம் தெரியும். கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்லுங்கள். திரையை இழுத்து மூடிவிட்டு, எவ்வளவு நேரம் கட்டியிருந்தது, கழுத்தில் ஏதாவது செய்தார்களா என்று கேளுங்கள். பிறகு, "இது உங்கள் விருப்பத்தோடு நடந்ததா? வீட்டுக்குத் திரும்பிப்போக பயமாக இருக்கிறதா?" என்று மெதுவாகக் கேட்டு, அவர் பதில் சொல்லும்வரை காத்திருங்கள்.