மின்சாரமும் ஓர் அமானிதமே!

 

 

சென்ற வாரம் ஒருநாள் சுப்ஹுத் தொழுகைக்காகப் பள்ளிவாசலைத் திறந்தபோது, முதல் ஸஃப்பின் மேலே இரண்டு மின்விசிறிகள் சுழன்றுகொண்டிருந்தன. இஷா முடிந்து அனைவரும் சென்ற பின்னர், ஆளில்லாத பள்ளியில் இரவு முழுவதும் அவை சுழன்றிருக்கின்றன. முந்தைய இரவு கடைசியாக வெளியேறியவன் நான்தான். ஆகவே இன்றைய உரையில் சொல்லப்படும் குற்றத்தின் முதல் குற்றவாளி, உங்களோடு பேசிக்கொண்டிருக்கும் நானே.

இரண்டு விசிறிதானே என்று மனம் சமாதானம் சொல்லியது. அனல்மின் நிலையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற சகோதரர் ஒருவர் நம் ஜமாஅத்தில் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். "ஒரு விசிறி 75 வாட். இரண்டும் எட்டு மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட். ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி எரிய வேண்டும். எனவே முக்கால் கிலோவுக்கும் அதிகமான நிலக்கரியை எரித்துவிட்டீர்கள், ஹஜ்ரத்" என்றார். ஒரு துண்டு நிலக்கரியைக்கூடக் கையால் தொட்டறியாத எனக்கு அது திடுக்கிடலாக இருந்தது. அவர் விளக்கியதையே உங்களுக்கும் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

நிலக்கரி என்பது ஒரு காலத்தில் பச்சை மரமாகவும் செடியாகவும் இருந்த பொருள். பல கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்பு நிலங்களில் சாய்ந்து, மண்ணுக்கடியில் புதைந்து, அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் கருங்கட்டியாக இறுகியது. அன்று இலைகள் வாங்கி வைத்த சூரிய ஒளியின் ஆற்றலே இன்று நம் உலையில் வெளிப்படுகிறது. பசுமையான மரத்திலிருந்து நெருப்பை உண்டாக்கித் தந்ததை அல்லாஹ் சூரா யாஸீனின் 80ஆம் வசனத்தில் நினைவூட்டுகிறான். அவ்வசனம் நிலக்கரியைத்தான் குறிக்கிறது என்று நான் துணிந்து கூற மாட்டேன்; அரபிகள் உரசித் தீ மூட்டிய மர்க், அஃபார் என்னும் மரங்களையே விரிவுரையாளர்கள் குறிப்பிடுகின்றனர். ஆயினும் நிலக்கரியின் வரலாற்றைக் கேட்டபோது அவ்வசனம் என் நினைவில் எழுந்ததை மறைப்பதற்கில்லை.

நம் மாநிலத்திற்கு நிலக்கரி எங்கிருந்து வருகிறது? நெய்வேலியில் நமக்கென்று பழுப்பு நிலக்கரி உண்டு. 1962ஆம் ஆண்டு முதல் அங்கே மின்சாரம் உற்பத்தியாகிறது. கருப்பு நிலக்கரியோ பெரும்பாலும் வெளியிலிருந்து வர வேண்டும். ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களில் வெட்டப்படும் கரி ரயிலில் பாரதீப் துறைமுகம் சென்று, அங்கிருந்து கப்பலேறி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருகிறது. 210 மெகாவாட் அலகு ஒன்று முழுத் திறனில் ஓடினால், ஒரே நாளில் 3,000 டன்னுக்கும் மேல் கரி தேவை. ஏறத்தாழ ஒரு முழுச் சரக்கு ரயில்! 1979 முதல் எழுந்த தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் அத்தகைய அலகுகள் ஐந்து அமைக்கப்பட்டன என்றால், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

வந்திறங்கிய கரியை அப்படியே அடுப்பில் கொட்டுவதில்லை. ஆலையில் முகப்பவுடர் போல் அரைத்து, சூடான காற்றோடு சேர்த்து உலைக்குள் ஊதுகிறார்கள். உலையின் சுவர் முழுவதும் தண்ணீர்க் குழாய்கள். தண்ணீர் நீராவியாகி, மேலும் சூடேறி, 540 டிகிரி அளவு வெப்பத்தோடும் பெரும் அழுத்தத்தோடும் டர்பைனின் இறக்கைகளில் மோதுகிறது. டர்பைன் நிமிடத்திற்கு 3,000 முறை சுழல்கிறது. அதே தண்டில் இணைந்த ஜெனரேட்டரில் காந்தம் சுழல, சுற்றியுள்ள செம்புக் கம்பிச் சுருள்களில் மின்சாரம் பிறக்கிறது. காந்தத்தின் அசைவால் கம்பியில் மின்சாரம் தோன்றும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்தார். பின்னர் மின்னழுத்தத்தை 2,30,000 வோல்ட், 4,00,000 வோல்ட் என உயர்த்தி, கோபுரக் கம்பிகளில் ஊர் ஊராக அனுப்பி, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் 230 வோல்ட்டாக இறக்கி நம் வீட்டிற்குத் தருகிறார்கள்.

சகோதரர்களே, அடுத்து அவர் கூறியதுதான் என்னை உறங்கவிடாமல் செய்தது. கரியில் உள்ள வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. எஞ்சிய இரு பங்கும் புகைபோக்கி வழியாகவும், வேலை முடித்த நீராவியைக் குளிரவைக்கும் தண்ணீர் வழியாகவும் காற்றிலும் கடலிலும் கலந்துவிடுகிறது. இது எவருடைய கவனக்குறைவும் அன்று. வெப்பத்தை அசைவாக மாற்றுவதற்கு இயற்கை விதித்த விலை. கம்பிவழி வருகையிலும் ஒரு பகுதி கழிகிறது. ஆக, வீட்டில் நாம் வீணாக்கும் ஒரு பங்கின் பின்னால் மூன்று பங்குக்கும் மேலான நெருப்பு எரிந்திருக்கிறது. இதையே மாற்றி எண்ணிப் பாருங்கள்: இங்கே ஒன்றை மிச்சப்படுத்தினால் அங்கே மூன்று மிஞ்சும்.

எரிந்தபின் சாம்பல் எங்கே போகும்? இந்திய நிலக்கரியில் சாம்பலே பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இருக்கும். சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் ஒரு பகுதி பயன்படுகிறது. மற்றதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளங்களுக்கு அனுப்புகிறார்கள். எண்ணூரில் அக்குழாய்கள் கசிந்து, கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிந்து, இறாலும் மீனும் குறைந்து, மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டு வருகின்றனர். நெய்வேலியில் 2020ஆம் ஆண்டு மே மாதத்திலும் ஜூலை மாதத்திலும் கொதிகலன் விபத்துகள் நேர்ந்து தொழிலாளர்கள் பலர் உயிரிழந்தனர். அண்டை வீட்டார் பசித்திருக்க வயிறு நிறைய உண்பதை வெறுத்த மார்க்கம் நம்முடையது. நம் வெளிச்சத்திற்காகப் புகையைச் சுவாசிப்பவர் நூறு கல் தொலைவில் இருந்தாலும், அவர் நம் அண்டை வீட்டார் அல்லர் என்று எப்படிச் சொல்வது?

உறங்கச் செல்லும்போது விளக்கை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். எலி திரியை இழுத்துச் சென்று வீட்டைக் கொளுத்திவிடக் கூடும் என்பது அதற்கு அவர்கள் சொன்ன காரணம். கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள், சொந்தப் பேச்சு தொடங்கியதும் அரசு எண்ணெயில் எரிந்த விளக்கை அணைத்துவிட்டு, தம் சொந்த விளக்கை ஏற்றினார்கள் என்ற நிகழ்ச்சியை நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். சொல்லிவிட்டு, ஆளில்லாத அறையில் டியூப்லைட் எரிய விட்டுச் செல்கிறோம்.

தாய்மார்களே, வீட்டில் எதைக் கவனிப்பது? முதலில், மின்சாரத்தைக் கொண்டு வெப்பம் உண்டாக்கும் கருவிகளை. வெப்பத்தின் இரு பங்கை இழந்து மின்சாரமாக்கி, அதை மீண்டும் வெப்பமாக்குவதைவிடப் பெரிய விரயம் வீட்டில் இல்லை. பதினைந்து லிட்டர் கெய்சர் ஒருமுறை நன்கு சூடேற அரை யூனிட்டுக்கு மேல் ஆகும். மார்கழிக் குளிரில் ஒளுவுக்கு வெந்நீர் வேண்டுவோர் ஒரு கெண்டியளவு அடுப்பில் சுடவைத்தால் போதும். வசதியுள்ளோர் மாடியில் சூரிய வெந்நீர்க் கலன் அமைக்கலாம். இஸ்திரியை அன்றாடம் ஒவ்வொரு சட்டையாகப் போடாமல், வாரத்திற்கு ஒருமுறை மொத்தமாகப் போடுங்கள்.

மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை உலர்த்தி உடலைத்தான் குளிர்விக்கிறது. ஆகவே ஆளில்லாத அறையில் அது சுழல்வதால் யாருக்கும் பயனில்லை. பழைய விசிறி பழுதானால், 30 வாட் அளவில் ஓடும் புதுவகை விசிறியை வாங்குங்கள். குண்டு பல்பு 60 வாட்டில் தரும் வெளிச்சத்தை எல்.இ.டி. 9 வாட்டில் தருகிறது. ஏ.சி. உள்ள வீட்டார் 24 டிகிரியில் வைத்துக்கொண்டு விசிறியையும் மெல்ல ஓடவிடலாம்.

ரிமோட்டால் மட்டும் அணைத்த செட்டாப் பாக்ஸ் 10 வாட் இழுத்துக்கொண்டிருந்தால், ஓராண்டில் 87 யூனிட் ஆகும். அறுபது கிலோ நிலக்கரி! அதுவும் எவரும் எதையும் பார்க்காமலே.

"எங்களுக்கு நூறு யூனிட் இலவசம்தானே" என்பார் சிலர். 2016 முதல் நம் மாநில வீடுகளுக்கு இரு மாதத்திற்கு 100 யூனிட் கட்டணமின்றித் தரப்படுவது உண்மை. கட்டணம் இல்லையே தவிர, கரி எரியாமல் இல்லை. அதன் விலையை அரசுக் கருவூலம், அதாவது நாம் அனைவரும் சேர்ந்து கொடுக்கிறோம். இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். திருமணத்திற்கும் மார்க்கக் கூட்டத்திற்கும் தெருக்கம்பியில் கொக்கி போட்டு விளக்கு எரிப்பது திருட்டு. அந்த வெளிச்சத்தில் நின்று பயான் செய்ய நான் வர மாட்டேன். இனி என்னை அழைப்போர் இதை நினைவில் வைக்கவும்.

2008ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் நாம் அனுபவித்த மின்வெட்டை மறந்திருக்க மாட்டீர்கள். 2012இல் ரமளானில் கைவிசிறியோடு தராவீஹ் தொழுதோம். அன்று மின்சாரத்தின் அருமை சிறுபிள்ளைக்கும் தெரிந்திருந்தது.

நம் பள்ளியைப் பொறுத்தவரை, முத்தவல்லி அவர்களோடு கலந்து ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். ஒவ்வொரு சுவிட்சின் மேலும் எந்த ஸஃப்பின் விசிறி, எந்த விளக்கு என்று இன்று அஸருக்குப் பின் எழுதி ஒட்டப்படும். ஒன்றிரண்டு பேர் சுன்னத் தொழும்போது அவர்களின் தலைக்கு மேலுள்ள விசிறி மட்டும் ஓடினால் போதும். ஹவுள் பக்கத்து மோட்டாரைத் தொட்டி நிரம்பி வழியுமுன் நிறுத்துவது மோதினார் பொறுப்பு. இரவில் கதவைப் பூட்டுமுன் சுவிட்சுப் பலகையைப் பார்க்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.