மானியம் மட்டும் போதாது, முதல் ஆர்டர் வேணும்!

(ஐ.டி. அணித் தோழர்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மீம் போடுறது எப்படி, ட்ரெண்ட் பண்றது எப்படின்னு இன்னைக்கு நான் பேசப் போறதில்லை. சின்னக் கம்பெனிகள் செய்யும் ஆராய்ச்சிக்கு அரசாங்கம் பணம் கொடுப்பது பற்றிப் பேசப் போகிறேன். தலைப்பைப் பார்த்ததும் ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனுக்கும், நொய்யல் கரையில் தென்னை வைத்திருக்கும் ஐயாவுக்கும் ஒரே நேரத்தில் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

நம்மில் பாதிப் பேர் இன்ஜினியரிங் படிச்சவங்க. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் எங்க போச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. பெரும்பாலும் டிபார்ட்மென்ட் அலமாரிக்குத்தான் போயிருக்கும். எல்லாமே மோசமான ப்ராஜெக்ட் என்பதால் இல்லை. செய்து முடித்தால் வாங்குவதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஆராய்ச்சி என்றால் தோற்கவும் செய்யும். வங்கியில் போய்க் கேட்டால் அடமானம் எங்கே என்பார்கள். தனியார் முதலீட்டாளர் சீக்கிரம் லாபம் வருமா என்று பார்ப்பார். அதிலும் இரண்டு துறைகள் ரொம்பக் கஷ்டம். ஒன்று பாதுகாப்பு: ரேடாருக்கும் டிரோன் எதிர்ப்புக் கருவிக்கும் கடைத்தெருவில் கஸ்டமர் கிடையாது, ராணுவம் ஒன்றுதான் வாங்கும். இன்னொன்று சுற்றுச்சூழல்: சுத்தமான ஆறு எல்லோருக்கும் வேணும், ஆனா அதுக்கு பில் போட்டா கட்ட ஆள் வராது. அதனால்தான் இந்த இரண்டிலும் அரசாங்கம் முன்னால் வந்து நிற்க வேண்டியிருக்கு.

இதை அமெரிக்கா சீக்கிரமே புரிந்துகொண்டது. அங்கே தேசிய அறிவியல் அறக்கட்டளை 1977-ல் சின்ன அளவில் சோதித்துப் பார்த்ததை 1982-ல் சட்டமாக்கினார்கள். கையெழுத்துப் போட்டவர் யார் தெரியுமா? அரசாங்கச் செலவைக் குறைக்கணும் என்று பேசி ஜெயித்த ரீகன்! ஆராய்ச்சிக்குப் பெரிய அளவில் வெளியே பணம் கொடுக்கும் துறைகள் எல்லாம், அதில் ஒரு பங்கைச் சின்னக் கம்பெனிகளுக்கென்று ஒதுக்கியே ஆகணும். 0.2 சதவீதத்தில் ஆரம்பித்த அந்தப் பங்கு 3.2 சதவீதம் வரைக்கும் உயர்ந்தது.

மூன்று படி. முதல் படியில் கொஞ்சம் பணம்: யோசனை வேலை செய்யுமா என்று காட்டு. இரண்டாவது படியில் பெரிய தொகை: மாதிரியைச் செய்து காட்டு. மூன்றாவது படியில் ஆராய்ச்சிப் பணம் நின்றுவிடும். சந்தையிலோ அரசுத் துறையிடமோ விற்கணும். இதற்காக அரசு கம்பெனியில் பங்கு கேட்பதில்லை. கண்டுபிடிப்பின் உரிமையும் கண்டுபிடித்தவரிடமே இருக்கும். இன்று உங்க போனுக்குள் சிப்பாக உட்கார்ந்திருக்கும் குவால்காம், ஆரம்ப காலத்தில் இந்தப் பணத்தை வாங்கி வளர்ந்த கம்பெனிதான். கவனிங்க: அங்கே ராணுவத் துறையோடு சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் இதே சட்டத்துக்குள்தான் வருது.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம்.

2018 ஏப்ரல் 12. காவிரி மேலாண்மை வாரியத்துக்காகத் தமிழ்நாடே கறுப்புக் கொடி காட்டிய நாள். அன்றைக்கு திருவிடந்தை ராணுவக் கண்காட்சிக்கு வந்த பிரதமர் தொடங்கி வைத்த திட்டம்தான் ஐடெக்ஸ். போராட்டச் சத்தத்தில் இது நம்மில் பலர் காதில் விழவே இல்லை. முப்படைகளும் 'எங்களுக்கு இந்தப் பிரச்சினை இருக்கு, தீர்வு கொண்டு வா' என்று அறிவிப்பார்கள். தேர்வாகும் ஸ்டார்ட்அப்புக்கும் சிறு தொழிலுக்கும் 1.5 கோடி ரூபாய் வரை. அதற்கு ஈடான பங்கை கம்பெனியும் போடணும். பிறகு 10 கோடி வரைக்கும், 2024-ல் வந்த அதிதி திட்டத்தில் 25 கோடி வரைக்கும் உயர்த்தினார்கள்.

நல்லதை நல்லது என்று சொல்லுவோம், அதில் நமக்குக் குறைச்சல் ஒண்ணும் இல்லை. இந்த வழியில் போன சென்னைக் கம்பெனி பிக் பேங் பூம் சொல்யூஷன்ஸ், டிரோன் எதிர்ப்புக் கருவிக்கு விமானப்படையிடமும் ராணுவத்திடமும் ஆர்டர் வாங்கியது. கோவையில் கொடிசியா அமைப்பே பாதுகாப்புத் துறை ஸ்டார்ட்அப்களுக்கு ஒரு மையம் நடத்துது. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து ஊர்களைச் சேர்த்த பாதுகாப்புத் தொழில் வழித்தடம் நம்மிடம் இருக்கு. பம்ப், மோட்டார் செய்து பழகிய கைகளுக்குத் துல்லிய வேலை புதுசு இல்லை.

ஆனா பிரச்சினை எங்கே? மாதிரி ரெடியான பிறகு களச் சோதனை, தர ஆய்வு, கொள்முதல் அனுமதி, விலைப் பேச்சு என்று ஃபைல் மேசை மேசையாக நகரும். நிச்சயதார்த்தம் முடிஞ்சு, கல்யாணத் தேதி மட்டும் குறிக்காத கதை! பெரிய கம்பெனி காத்திருக்கும். இருபது பேருக்கு மாதாமாதம் சம்பளம் போடுகிறவர் காத்திருக்க முடியுமா? சிறு தொழிலுக்கு 45 நாளில் பணம் கொடுக்கணும் என்று 2006-லேயே சட்டம் இருக்கு. ஆர்டரே வராதவருக்கு அந்தச் சட்டத்தால் என்ன லாபம்?

இன்னொரு பக்கம் திருப்பூரைப் பாருங்க. சாயக் கழிவு நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணை சாயத் தேக்கமாக மாறியதை நாம மறக்கலை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. வேலை போனது தொழிலாளிக்கு, மண் போனது விவசாயிக்கு. அதன் பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறைக்கு ஊரே மாறியது. பாராட்டணும். ஆனா அது சும்மா நடக்கலை. கழிவுநீரைச் சவ்வு வழியாக வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்க வைத்து ஆவியாக்கணும். எரிபொருள் செலவும் கரண்ட் பில்லும் எகிறும். கடைசியில் யாரும் வாங்காத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகச் சேரும். அந்த உப்பைப் பிரிப்பது எப்படி, ஆவியாக்கும் செலவைக் குறைப்பது எப்படி என்பதெல்லாம் நம்ம கெமிக்கல், மெக்கானிக்கல் பசங்க மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டிய கேள்விகள்.

எல்லையில் பிரச்சினை என்றால் 'தீர்வு கொண்டு வா, நான் வாங்குகிறேன்' என்று அழைக்கத் தெரிந்த அரசாங்கம், ஆற்றில் பிரச்சினை என்றால் 'அபராதம் கட்டு, இல்லேன்னா மூடு' என்பதோடு நிற்பது ஏன்?

நம்ம கோரிக்கை இதுதான். ஐடெக்ஸ் மாதிரியே ஆற்றுக்கும் ஒரு திட்டம் வேணும். திருப்பூர் சாய உப்பு, ஆம்பூர், வாணியம்பாடி தோல் கழிவு, நகராட்சிக் குப்பை மேடு என்று பிரச்சினைகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே பட்டியல் போட்டு வெளியிடட்டும். படிப்படியாகப் பணம் கொடுக்கட்டும். ஜெயித்த தீர்வுக்கு முதல் ஆர்டரை அரசின் சுத்திகரிப்பு நிலையங்களே கொடுக்கட்டும். கோட்டையில் யார் உட்கார்ந்திருந்தாலும், டெல்லியில் யார் இருந்தாலும் கேட்போம்.

ஐ.டி. அணிக்கு இதில் என்ன வேலை? அடுத்த முறை ஏதாவது ஒரு அரசு 'ஸ்டார்ட்அப்களுக்கு இத்தனை கோடி' என்று போஸ்டர் அடித்தால், யார் அடித்தாலும், திட்டுவதற்கு முன்னாலும் கைதட்டுவதற்கு முன்னாலும் மூன்று கேள்வி கேளுங்க.

ஒன்று: பணம் வாங்கிய கம்பெனிகளில் எத்தனைக்கு ஆர்டர் கிடைத்தது?

இரண்டு: மாதிரி முடிந்த நாளில் இருந்து ஆர்டர் வர எத்தனை மாதம் ஆனது?

மூன்று: கண்டுபிடிப்பின் உரிமை யாரிடம் இருக்கு?

பதில் இருந்தால் பாராட்டிப் பகிருவோம். பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு, நம்ம கையில் பேனாவும் இருக்கு. வசவு ஒரு நாள் ட்ரெண்ட் ஆகும். இந்த மாதிரிக் கேள்விக்கு சட்டமன்றம் வரைக்கும் போகிற சக்தி உண்டு.

உங்க ஊரில் பட்டறையில் உட்கார்ந்து எதையாவது புதுசாகச் செய்துகொண்டிருக்கும் அண்ணன், அக்கா, தம்பி இருந்தால் இந்தப் பதிவை அவங்களுக்கு அனுப்புங்க. ஐடெக்ஸுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்க. ஆற்றுக்கான திட்டம் வருகிற வரைக்கும் நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.



#முதல்ஆர்டர் #ஆற்றுக்கும்ஒருதிட்டம்