பூனையும் இரத்தப் புற்றும்

இராமச்சந்திராபுரத்தில் நாங்கள் வளர்க்கும் பூனை திடீரென மெலிந்தது, ஈறுகள் வெளுத்தன. மருத்துவர் இரத்தத்தைச் சோதித்து, பூனை லுக்கீமியாக் கிருமி என்றார். தெருவில் கண்டு இரங்கி எடுத்துவந்த குட்டியொன்று அதே கிண்ணத்தில் பால் குடித்தது எங்கள் நினைவுக்கு வந்தது. "குழந்தைகளையும் பற்றுமோ? விரட்டிவிடலாமா?" என்று வீடே கலங்கிற்று.

1964-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் வில்லியம் ஜாரட் குழுவினர் கண்டறிந்த இக்கிருமி, மனிதரைப் பற்றுவதில்லை. பூனைகள் ஒன்றையொன்று நக்குவதாலும், ஒரே தட்டில் உண்பதாலும் உமிழ்நீர் வழியே பரவும். தாயிடமிருந்து குட்டிக்கும் செல்லும். உடலுக்கு வெளியே நெடுநேரம் நிலைக்காது. சோப்பு நீரே அதனை அழித்துவிடும். சில பூனைகள் தம் எதிர்ப்பாற்றலால் கிருமியை அடக்கிவிடுகின்றன. ஏனையவற்றை இரத்தச் சோகையும், புற்றும், பிற தொற்றுகளும் வருத்தும். முற்றிலும் தீர்க்கும் மருந்து இல்லை.

ஆகவே, புதிய குட்டியைப் பழைய பூனையோடு சேர்க்குமுன் இரத்தச் சோதனை செய்வியுங்கள். சில வாரங்கள் கழித்து மீண்டும் செய்வியுங்கள். நோயுற்றதை வீட்டினுள்ளேயே தனித்து வைத்துப் பேணுங்கள். விரட்டினால் நோயும் தெருவுக்கன்றோ செல்லும்? எங்கள் பூனையை நாங்கள் விரட்டவில்லை. அதற்கெனத் தனிக் கிண்ணம் வைத்திருக்கிறோம். சன்னலோரத்தில் அது வெயில் காய்கிறது.