பசிக்கும் முன்பே சாப்பிடணும்

பிரான்ஸில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, பாரிஸிலிருந்து பிரெஸ்ட் நகருக்குப் போய்த் திரும்பும் சைக்கிள் பயணம் நடக்கிறது. சுமார் 1,200 கிலோமீட்டர். 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்.

இதில் கால் பலம் மட்டும் போதாது. தசையிலும் கல்லீரலிலும் நாம் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து, வேகமாக மிதித்தால் இரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய தீர்ந்துவிடும். அப்புறம் கை நடுங்கும், தலை சுற்றும், சின்ன மேடுகூட மலையாகத் தெரியும். அந்த நிலைக்கு வந்தபின் சாப்பிட்டால், உடம்பு தேற வெகுநேரம் ஆகும். அதனால்தான் பசி எடுக்கும் முன்பே, கொஞ்சம் கொஞ்சமாக, ஓட்டிக்கொண்டே சாப்பிடுகிறார்கள்.

எவ்வளவு சாப்பிடலாம்? குளுக்கோஸ் மட்டும் என்றால் மணிக்குச் சுமார் 60 கிராம்தான் குடல் ஏற்கும். பழங்களில் உள்ள ஃப்ரக்டோஸுக்குக் குடலில் தனி வழி உண்டு. இரண்டும் கலந்தால் 90 கிராம் வரை போகலாம். வாழைப்பழத்தில் இரண்டுமே இருக்கின்றன; எவ்வளவு அருமையான ஏற்பாடு! உப்பையும் மறக்கக் கூடாது. வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகலாம்.

இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர்கள், வழியோரக் கிராமத்து மக்கள். நள்ளிரவிலும் வாசலில் மேசை போட்டு, முன்பின் தெரியாதவர்களுக்குக் காபியும் தின்பண்டமும் தருகிறார்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு தபால் அட்டை போட்டால் போதும் என்று காசு வாங்க மறுப்பவர்களும் உண்டு.